கை சூடாக வந்த பதினொரு நாட்கள்

காலை ஐந்து ஐம்பதுக்கு அல்வாலில் சைக்கிளை எடுத்தால் ஆறு நாற்பத்தைந்துக்கு நாச்சாரத்தில் எங்கள் கம்பெனி வாசலில் இறங்கலாம். பதின்மூன்று கிலோமீட்டர். மே மாதம் பஸ் நேரத்தை மாற்றினார்கள், ஜூன் மாதத்திலிருந்து நான் இப்படித்தான் போய் வருகிறேன். நாளுக்கு ஒரு வரியாக டைரியில் எழுதுவேன்: கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், மழை பெய்ததா, பஞ்சர் ஆனதா. நவம்பர் பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமை, அந்த வரியில் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது. விரல்களுக்கு உணர்வு திரும்பிய நேரம். அன்று அது ஏழு இருபத்திரண்டு.

என் வேலைக்கு அந்த நேரம் ஆகாது. எங்களுடையது சிறிய கம்பெனி. இரும்புப் பின்களை வழுவழுப்பாகத் தேய்த்து, சொன்ன அளவுக்குக் கொண்டுவந்து பெரிய கம்பெனிகளுக்கு அனுப்புகிறோம். ஏழு மணிக்கு, தேய்க்கும் கல் சுழலும் கிரைண்டிங் மெஷினில் முதல் பின் தயாராகும். அதைத் திருகு வைத்த மைக்ரோமீட்டரில் அளந்து, சரி அல்லது சரியில்லை என்று சொல்வது என் பொறுப்பு. நான் சரி என்ற பின்னை வைத்துத்தான் மெஷின்காரர் தன்னுடைய டயலை பூஜ்யத்தில் நிறுத்துவார். மதியம் மூன்று மணி வரை எல்லாப் பின்களும் அந்த டயலை நம்பியே ஓடும். முதல் பின்னில் நான் தவறினால் அன்றைய பகல் முழுவதும் தவறும்.

மைக்ரோமீட்டரைத் திருகும்போது, அதன் முனை பின்னின் மேல் நேராக உட்கார்ந்ததா, சாய்ந்து உட்கார்ந்ததா என்பதைக் கண் சொல்லாது. விரல் நுனிதான் சொல்லும். அன்று என் விரல் நுனிகள் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தடவை அளந்தேன், மூன்றும் வெவ்வேறு. கைகளை அக்குளில் வைத்துக்கொண்டு நின்றேன். மெஷின் நின்றது. மெஷின்காரர் நின்றார். ஏழு இருபதுக்கு எங்கள் இன்சார்ஜ் வந்து நின்றார்.

இன்சார்ஜ் என்னைவிட ஒன்பது வயது இளையவர். என் அப்பாவும் அவருடைய அப்பாவும் செகந்திராபாதில் ஒரே ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். ஆட்கள் இருக்கும்போது அவர் எனக்கு சார். இல்லாதபோது தம்பி.

"இன்னாக்கா, பூஜையா? எல்லாரும் கைய கட்டிக்கினு நிக்கிறீங்க."

"விரல் மரத்துப் போச்சு சார். ரெண்டு நிமிஷம்."

"ஹைதராபாத் குளிருக்கே இப்படின்னா உங்கள காஷ்மீருக்கு டிரான்ஸ்ஃபர் பண்ணா என்னா ஆவும்?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தோ பாருக்கா, புது ஆர்டர். ஏழு பத்துக்கு முதல் பீஸ் ஓகே ஆவணும். ஆவலன்னா ஃபர்ஸ்ட் ஷிப்ட் இன்ஸ்பெக்ஷனுக்கு வேற ஆள் போட்ருவேன். நீங்க பேக்கிங் பாத்துக்கலாம். சைக்கிள் நக்கோ, வேணாம். ஆட்டோல வாங்க."

பேக்கிங்கில் இருந்துதான் நான் வந்தேன். இந்தக் கம்பெனியில் எனக்குப் பத்தொன்பது வருடம். முதல் ஏழு வருடம் பின்களுக்கு எண்ணெய் தடவிக் காகிதத்தில் சுற்றினேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அளவுக் கருவிகளைத் துடைத்து வைக்கிற சாக்கில் ஒவ்வொன்றையும் எப்படிப் பிடிப்பது என்று கற்றுக்கொண்டேன். அந்த மேஜைக்குப் பின்னால் எனக்கு ஒரு ஸ்டூல் கிடைக்க ஏழு வருடம் ஆனது. அதை ஒரு டிசம்பர் மாதக் குளிருக்கு விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. சைக்கிளையும்தான். ஷேர் ஆட்டோ இரண்டு மாறிப் போனால் ஏழு மணிக்குச் சேர்வது நிச்சயமில்லை. இதை நான் வாதமாகச் சொல்லவில்லை. மே மாதம் முழுக்கப் போய்ப் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன்.

அன்று மாலை வீட்டில் சொன்னபோது என் கணவர், "ரெண்டு மாசம் பஸ்ல போயேன். பொங்கல் கழிச்சி சைக்கிள எட்த்துக்க" என்றார். அவருக்கும் ரயில்வே வேலை. அவர்கள் குடும்பம் ஜோலார்பேட்டைப் பக்கம், பேச்சு இன்னும் மாறவில்லை.

"பஸ் ஏழு இருபதுக்குத்தாங்க போய்ச் சேருது."

"அப்ப கைய சூடாக்கிற வழியப் பாரு" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

கல்லூரி போகும் மகள் போனில் இருந்து தலையைத் தூக்காமல், "மம்மி, யே சிம்லா நஹீ ஹை" என்றாள்.

சிம்லா இல்லைதான். ஆனால் விடியற்காலையில் ராணுவத்தின் வேலிக்குள் கிடக்கும் காலி நிலங்களைத் தாண்டும்போதும், சஃபில்குடா ஏரிக்கரையில் திரும்பும்போதும் காற்று சட்டென்று வேறாகிவிடும். நடப்பவருக்கு அது தெரியாது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி கையை அசைக்காமல் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறவருக்குத் தெரியும். கால் மிதித்துக்கொண்டாவது இருக்கிறது. கை சும்மா இருந்து குளிர் வாங்குகிறது.

முதலில் கணவரின் ஒர்க்‌ஷாப் தோல் கையுறை. மூன்று நாள் போட்டேன். விறைப்பாக இருந்ததால் பிரேக்கை எட்டிப் பிடிக்க முடியவில்லை. அடுத்து, பருத்திக் கையுறைக்கு மேல் பாத்திரம் தேய்க்கும் ரப்பர் கையுறை. முதல் ஐந்து கிலோமீட்டர் சொர்க்கம். அதற்குள் வேர்வை பிடித்தது. பருத்தி நனைந்தது. மௌலாலி போவதற்குள் வெறுங்கையைவிட மோசமாக விறைத்தது. அன்று உணர்வு திரும்பிய நேரம் ஏழு இருபத்தெட்டு, அந்தக் குளிர்காலத்திலேயே அதிகம். இன்சார்ஜ் அன்று வேறு வேலையாக வெளியே போயிருந்தார். என் அதிர்ஷ்டம். மூன்றாவது, ஞாயிறு சந்தையில் நடைபாதையில் வாங்கிய ரோம உறை. அதற்குள் விரல்கள் தனித்தனியாக இல்லை, நான்கும் ஒன்றாக. மௌலாலி சிக்னலில் பிரேக் வழுக்கி முன்னால் நின்ற தக்காளி வண்டியில் மோதினேன். வண்டிக்காரர் என் கைகளைப் பார்த்தார். பிறகு ஹிந்தியில், "கரடி சைக்கிள் ஓட்டுது பாரு" என்று பக்கத்து வண்டிக்காரரிடம் சொன்னார்.

டிசம்பர் ஒன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, தையல் மெஷினை எடுத்து வைத்தேன். கையுறையில் கையை நுழைப்பதற்குப் பதிலாக, உறையைச் சைக்கிளுக்கே போட்டுவிட்டால் என்ன? கிழிந்த ரஜாய்ப் போர்வையில் இரண்டு துண்டு வெட்டி, மேலே பழைய ஸ்கூட்டர் சீட்டின் ரெக்சினை வைத்து, கைப்பிடியையும் பிரேக்கையும் சேர்த்து மூடும்படி இரண்டு பைகள் தைத்துக் கட்டினேன். கையை உள்ளே விட்டால் காற்று படாது. வெறும் விரல்களால் பிரேக் பிடிக்கலாம். ஆபத்தென்றால் உடனே வெளியே இழுக்கலாம். பார்க்க மட்டும் சைக்கிளுக்கு யானைக் காது முளைத்தது போல இருந்தது.

காலுக்கும் அதே வாரத்தில் வழி பிறந்தது. கட்டைவிரல் பிரிந்த சாக்ஸும் செருப்புமாகப் போன நான், கம்பெனியின் இரும்பு மூக்கு வைத்த ஷூவைப் போட்டுப் பார்த்தேன். அந்த இரும்பு குளிரை இழுத்து விரல்களுக்குக் கொடுத்தது. கேன்வாஸ் ஷூவில் இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டேன். இன்னும் விறைத்தது. இதற்கான காரணம், தென்துருவத்துக்கு நடந்து போனவர்களைப் பற்றி நூலகத்தில் எடுத்துப் படித்த ஒரு பழைய புத்தகத்தில் இருந்தது: இறுக்கமான காலணி ரத்தத்தை நிறுத்தும், ரத்தம் போகாத இடத்தை எந்தக் கம்பளியும் காப்பாற்றாது. ஒரு அளவு பெரிய ஷூ வாங்கினேன். ஒரே ஒரு கம்பளி சாக்ஸ், அதன்மேல் தளர்வாக ஒரு பிளாஸ்டிக் பை, ஷூவின் அடியில் நான்காக மடித்த செய்தித்தாள். கால் பிழைத்தது.

கையில் பாதி வெற்றிதான். அந்த வாரம் உணர்வு திரும்பிய நேரம் ஏழு ஐந்து, ஏழு ஆறு என்று இருந்தது. முதல் பின்னை ஏழு பத்துக்குள் சொல்லிவிடுவேன், ஆனால் ஒவ்வொரு நாளும் ஓட்டப்பந்தயம். அந்த ஐந்து நிமிடமும் இல்லாமல் போக வேண்டும் என்று நினைத்தேன். டிசம்பர் ஒன்பதாம் தேதி காலையில் வாணலியில் கல்லுப்பை வறுத்து, இரண்டு துணிப் பைகளில் கட்டி, கைப்பிடி உறைகளுக்குள் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தேன்.

விரல் மரக்கவே இல்லை. கம்பெனி வாசலில் இறங்கும்போது உள்ளங்கை தோசைக்கல்லில் இருந்து எடுத்தது போல் இருந்தது. பைகளை ஸ்வெட்டர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மேஜைக்குப் போகும்வரை அவற்றைப் பிடித்தபடியே நடந்தேன். ஏழு நான்குக்கு முதல் பின்னைச் சொல்லிவிட்டேன். டைரியில் ஐந்தாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

இன்சார்ஜ் மூன்றாம் நாள் எட்டிப் பார்த்து, "அரே அக்கா! பாசஞ்சரா இருந்தீங்க, எக்ஸ்பிரஸ் ஆயிட்டீங்க" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இருபதாம் தேதி வரை, ஞாயிறு தவிர, பதினொரு நாள் இப்படிப் போனது. இருபத்தொன்றாம் தேதி கிளம்பும்போதே ஒரு பையின் தையல் விட்டு உப்பு உறைக்குள் கொட்டியது. பிரேக் கம்பி துருப்பிடிக்குமே என்று மாலையில் அரைமணி நேரம் உட்கார்ந்து துடைத்தேன். அன்று முதலே மேகமூட்டம், குளிர் தணிந்தது. பையை மறுபடி தைக்கவில்லை.

ஜனவரி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை, வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன. பின்கள் துளைக்குள் போகவில்லை, அளவு பெரிதாக இருக்கிறது என்று கடிதம். எந்தெந்த நாளில் செய்த பின்கள் என்ற பட்டியலும் கூட இருந்தது. எல்லாம் முதல் ஷிப்ட். இரண்டாவது ஷிப்டின் பெட்டி ஒன்றுகூட இல்லை.

இன்சார்ஜ் பட்டியலோடு நேராக கிரைண்டிங் மெஷினுக்குப் போனார். மெஷின்காரர் எங்களில் மூத்தவர், தெலுங்குக்காரர். அவரும் இன்சார்ஜும் தெலுங்கில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன். இன்சார்ஜ் கேட்டார்:

"ரெண்டு ஷிப்ட்டுக்கும் ஒரே மெஷின். உன் ஷிப்ட் மட்டும் பெருசா வருதுன்னா கோளாறு மெஷின்லயா, ஆள்லயா?"

"நான் மேடம் சொன்ன பின்ன வெச்சுத்தான் டயல் நிறுத்துனேன் சார்."

"மேடம் மேல போடாத. கல்லு தேய்ஞ்சா பின்னு பெருசாவும்னு தெரியாதா? திருத்தம் குடுக்காம தூங்கிட்ட. திங்கக்கிழமையிலேர்ந்து, புதுசா வர்ற பசங்க பின்னோட ஓரத்துல பிசிறு தட்டுற எடத்துக்குப் போ."

மெஷின்காரர் என்னைப் பார்த்தார். நான் என் முதல் பின் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அதில் எல்லா எண்களும் சரியாக, நடு அளவில், என் கையெழுத்தோடு இருந்தன. ரிஜிஸ்டரின்படி என்மேல் தவறே இல்லை. பட்டியலின் தேதிகளை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டேன். ஏன் என்று அப்போது தெரியாது. தேதி என்று ஒன்று கண்ணில் பட்டால் எழுதிக்கொள்வது என் பழக்கம்.

மாலை ஆறரை மணிக்கு, சாதம் வெந்துகொண்டிருந்தபோது, அந்தக் காகிதத்தை டைரியின் பக்கத்தில் வைத்தேன். ஒன்பது முதல் பதினான்கு வரை. பதினாறு முதல் இருபது வரை. பதினொரு தேதிகள். என் டைரியில் அதே பதினொரு நாட்களில்தான் ஐந்தாவது கட்டத்தில் கோடு இருந்தது. ஒன்பதாம் தேதிக்கு முன்னால் கோடும் இல்லை, பழுதும் இல்லை. இருபதுக்குப் பின்னாலும் அப்படியே. விரல் மரத்து, அக்குளில் கையை வைத்துக்கொண்டு தடுமாறிய நாட்களின் பின்கள் அத்தனையும் சரியாக இருந்தன. கை நன்றாக இருந்த நாட்களின் பின்கள் கெட்டுப்போயின.

காரணம் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதுதான் எனக்கு வெட்கம். இரும்பு சூட்டில் விரியும். கல்லில் இருந்து எடுத்த பின்னைச் சூடாகவே கொண்டுவந்தால் மெஷின்காரரைத் திருப்பி அனுப்புவேன், "ஆறட்டும் அண்ணா, சூட்டுல அளந்தா பொய் சொல்லும்" என்று. பன்னிரண்டு வருடமாக அவருக்குச் சொல்லும் பாடம். மைக்ரோமீட்டரும் இரும்புதான் என்பதையும், அதைப் பிடிக்கிற என் கை அடுப்பாக இருந்ததையும் நினைக்கவில்லை. காலையில் பூஜ்யம் சரிபார்க்கும்போது அது மேஜையின் குளிரில் இருக்கும். பிறகு பின்னின் மூன்று இடங்களில் இரண்டிரண்டு தடவை அளக்கும் நான்கு நிமிடமும் என் உள்ளங்கைக்குள் இருக்கும். அதன் வளைந்த உடல் சூட்டில் விரியும். விரிந்த கருவி, பின்னை இருப்பதைவிடச் சின்னதாகக் காட்டும். பின் சின்னதாக இருக்கிறது, அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவர் கூட்டியிருக்கிறார். வெயில் காலத்தில் அறைக்கும் கைக்கும் சூட்டில் அதிக வித்தியாசம் இல்லை. மரத்த கைக்கும் குளிர்ந்த அறைக்கும் வித்தியாசமே இல்லை. முன்பெல்லாம் எங்கள் வேலைகள் முரட்டு அளவு, இது தெரியாமல் போயிருக்கும். புது ஆர்டரில் மேல் அளவுக்கும் கீழ் அளவுக்கும் நடுவே எட்டு மைக்ரான்தான் இடம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் எட்டு.

கணவரிடம் சொன்னேன். அவர் தட்டில் இருந்து கையை எடுத்தார்.

"இத யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்ல."

"அப்ப நீ இன்னாத்துக்கு சொல்ற? சொன்னா உன்ன பேக்கிங்ல தள்ளுவான். அதுக்கா இவ்ளோ நாளு கரடி மாரி வேஷம் போட்டுக்கினு போன?"

"சொல்லலன்னா மெஷின்கார அண்ணன் பிசிறு தட்டுவாருங்க. அவர் கைல தப்பில்ல."

"நல்லா யோசிச்சிக்க. அந்த ஸ்டூலுக்கு நீ பட்ட பாடு எனக்குத் தெரியும்" என்றார். சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு வந்து, "உப்பு எவ்ளோ வறுக்கணும்?" என்று கேட்டார். மறுநாள் காலை பையைத் தைத்து உப்பு வறுத்தது அவர்தான்.

சனிக்கிழமை ஆறரைக்கே போய்விட்டேன். உப்புப் பைகளைத் தொடாமல், துணியில் சுற்றி கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். மெஷின்காரரையும் இன்சார்ஜையும் மேஜைக்கு அழைத்தேன். ராத்திரியெல்லாம் மேஜையிலேயே இருந்த ஒரு பின்னை எடுத்து, குளிர்ந்த கையால் அளந்து எண்ணை எழுதினேன். பிறகு உப்புப் பைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த வேகத்தில் சைக்கிளிலிருந்து இறங்கி வருவேனோ அப்படியே வந்து, மைக்ரோமீட்டரை நான்கு நிமிடம் பிடித்து, அதே பின்னை அளந்தேன். நான்கு மைக்ரான் குறைவு. கருவியை ஆறவைத்து மூன்று தடவை செய்தேன். இரண்டு தடவை நான்கு, ஒரு தடவை மூன்றரை. டைரியையும் தேதிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

"அந்தப் பதினொரு நாளும் தப்பு என்னுது சார்" என்றேன்.

இன்சார்ஜ் டைரியை இரண்டு பக்கம் முன்னும் பின்னும் புரட்டினார். "ஊர்ல எல்லாரும் தப்பிக்கறதுக்கு ரெக்கார்டு வெப்பாங்க. நீங்க மாட்டிக்கறதுக்கு வெச்சிருக்கீங்க" என்றார். குரலில் கிண்டல் இல்லை, கோபம்தான் இருந்தது. "நேத்து அந்தாள எல்லார் முன்னாடியும் பேசிட்டேன். இப்ப என் மூஞ்சிய எங்க வெச்சிக்கிறது?"

மெஷின்காரர் மட்டும் மெதுவாகச் சிரித்தார். "பன்னெண்டு வருஷமா 'சூடா கொண்டு வராதே, சூடா கொண்டு வராதே'ன்னு என்னைத் துரத்துனீங்களே மேடம். இனிமே கதவுலயே ஒரு தெர்மாமீட்டர் மாட்டுறேன். நீங்க ஆறுன பிறகுதான் உள்ளே விடுவேன்."

இன்சார்ஜ் சிரிக்கவில்லை. அவர் சொன்னது இது: மெஷின்காரர் தன் மெஷினிலேயே இருப்பார். திரும்பி வந்த பின்கள் அத்தனையையும் அவரும் நானும் பிரித்து, பெரியதை மறுபடி தேய்க்க வேண்டும். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் முதல் பின்னை நான் அளந்த பிறகு இன்சார்ஜும் வேறொரு மைக்ரோமீட்டரில் அளப்பார். ரிஜிஸ்டரில் என் எண்ணுக்குப் பக்கத்தில் அவர் எண். "ஒரு நாள் ஒரு மைக்ரானுக்கு மேல இடிச்சா, இல்ல ஏழு பத்தத் தாண்டுனா, பேக்கிங். அக்கான்னு பாக்க மாட்டேன்."

"சரி" என்றேன். அளவு பெரிதாகப் போனதில் ஒரு நன்மை, உலோகம் இன்னும் பின்னிலேயே இருக்கிறது. சின்னதாகப் போயிருந்தால் எடைக்குத்தான் போட வேண்டும். அன்று மாலை ஐந்து மணிவரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். மெஷின்காரர் தேய்க்க, நான் அளந்தேன். கருவியைக் கையில் பிடிக்காமல் ஸ்டாண்டில் மாட்டி அளந்தேன். அலமாரியின் மேல்தட்டில் அந்த ஸ்டாண்ட் தூசி படிந்து கிடந்தது. அவசரத்தில் யாரும் எடுக்காத பொருள்.

ஸ்டாண்ட் இருந்தாலும் திருகுவது என் விரல்தான், பின்னைத் தூக்கி வைப்பதும் அதேதான். மரத்த விரலும் வேண்டாம், சுட்ட விரலும் வேண்டாம். அறையின் சூட்டுக்குப் பக்கத்தில், ஆனால் உணர்வோடு வர வேண்டும். அதுவும் சங்கராந்திக்கு முந்தைய வாரம். ஆண்டிலேயே குளிர் கடிக்கும் வாரம் அது.

ஞாயிற்றுக்கிழமை அந்தத் துருவப் புத்தகத்தை மறுபடி நினைத்தேன். உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால், உடல் முதலில் கையையும் காலையும்தான் கைவிடும் என்று அதில் இருந்தது. அதைத் தலைகீழாகச் செய்யலாம். உப்புப் பைகளைக் கையிலிருந்து எடுத்து, ஒரே பட்டைப் பையாகத் தைத்து, உள்சட்டைக்கு மேல் வயிற்றோடு கட்டினேன். கழுத்துக்கு மஃப்ளர். காலுக்குக் கம்பளி சாக்ஸ், பிளாஸ்டிக், செய்தித்தாள், எல்லாம் தாராளமாக. வயிற்றாலும் காலாலும் நான் எதையும் அளக்கப் போவதில்லை, அவை எவ்வளவு சுட்டாலும் சரி. கைக்கு மட்டும் வெறும் ரஜாய் உறை.

திங்கள் காலை ஏரிக்கரையில் பனி தரையோடு கிடந்தது. வயிற்றில் உப்பு கணகணத்தது. விரல்கள் குளிர்ந்தன, ஆனால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. வழியெல்லாம் உறைக்குள் விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தொட்டு எண்ணிக்கொண்டே போனேன். ஆறு நாற்பத்து மூன்றுக்குச் சேர்ந்தேன். ஏழு ஆறுக்கு என் எண்ணை எழுதினேன். இன்சார்ஜ் தன்னுடையதை எழுதினார். இரண்டும் ஒன்று.

செவ்வாய் அரை மைக்ரான் வித்தியாசம். புதன் ஒன்றுமில்லை. வியாழக்கிழமை அந்தப் பருவத்தின் மோசமான காலை. எதிர்க்காற்று. மௌலாலியில் சுண்டுவிரல்கள் இரண்டும் மரத்துப் போய்விட்டன. சைக்கிளை ஓரம் நிறுத்தி, வயிற்றோடு கட்டிய உப்புப் பைக்கு அடியில் கையை நுழைத்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நுழைத்தால் சூடு. இறங்கி, உறையிலிருந்து கையை எடுத்து, கிணற்றில் தண்ணீர் இறைப்பவள் போல் இரண்டு கைகளையும் வீசி நூறு எண்ணினேன். பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் ஒதுங்கினார்கள். ரத்தம் இறங்கியது. ஏழு எட்டுக்கு எண்ணை எழுதினேன். இன்சார்ஜின் எண் ஒரு மைக்ரான் தள்ளி இருந்தது. அவர் தன் கருவியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். அரை ஆனது.

வெள்ளியும் போனது. சனிக்கிழமை, ஜனவரி பதினொன்று, ஊருக்குப் போகிறவர்களால் சாலையெல்லாம் மூட்டை முடிச்சு. ஏழு மணிக்கு மெஷின்காரர் முதல் பின்னை ஆறவைத்து எடுத்துக்கொண்டு வந்தார். இன்சார்ஜ் வரவில்லை. ஏழு ஐந்து ஆனது. மாமியார் வீட்டாரை ரயில் ஏற்றப் போயிருப்பதாக வாட்ச்மேன் சொன்னார்.

"என்ன மேடம், சார் வர வரைக்கும் நிக்கட்டுமா?"

நின்றால் ஏழு பத்து தாண்டும். ஓட்டினால் இரண்டாவது எண் இல்லாமல் ஓடும். பின்னை ஸ்டாண்டில் வைத்தேன். மூன்று இடம், இரண்டிரண்டு தடவை. ஆறு எண்களும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. ரிஜிஸ்டரில் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டேன். ஏழு ஒன்பது.

"ஓட்டுங்க அண்ணா."

அவர் டயலைப் பூஜ்யத்தில் நிறுத்தி மெஷினைப் போட்டார். கல் சுற்றத் தொடங்கி, அதன் மேல் கூலண்ட் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

எட்டேகாலுக்கு இன்சார்ஜ் வேர்த்துப் போய் வந்தார். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தன் மைக்ரோமீட்டரை எடுத்து, தட்டில் சேர்ந்திருந்த பின்களில் நடுவிலிருந்து ஒன்றை உருவி அளந்தார். அதை என் எண்ணோடு ஒப்பிட்டார். ரிஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, தனக்கான கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். வரும் திங்கள், செவ்வாய்ப் பக்கங்களிலும் தனக்காக முன்பே வரைந்து வைத்திருந்த கட்டத்தை, இனி தேவையில்லை என்பதுபோல் அடித்துவிட்டு ரிஜிஸ்டரை என்னிடம் தள்ளினார்.

"டீ வந்துச்சாக்கா?" என்றார்.

"இன்னும் இல்ல தம்பி" என்றேன். மெஷின்காரர் அடுத்த பின்னைக் கல்லில் ஏற்றிக்கொண்டிருந்தார்.